வளைகாப்புத் தொட்டி

ராஸ் அல் கைமாவில் மலையை உடைக்கிற குவாரிகளைத் தாண்டி, சிமென்ட் லாரிகள் போகும் சாலையில் கொஞ்ச தூரம் போனால், பாலைவனத்துக்கு நடுவே ஒரு மீன் பண்ணை இருக்கிறது. எனக்கு அங்கேதான் வேலை. ஊரில் சொன்னால் நம்ப மாட்டார்கள். "மணல்ல மீன் வளக்குறியா?" என்று என் தாய்மாமா கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பு கல்யாண வீடு முழுக்கக் கேட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். ஷெட்டுக்கு உள்ளேயோ குளிரூட்டிய தண்ணீர் சுற்றிச் சுற்றி ஓடும் பெரிய வட்டத் தொட்டிகள். கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டுதான் டூட்டி பார்க்கிறோம். வளைகுடாவில் ஜூலை மாதத்தில் ஜலதோஷத்துக்கு மாத்திரை போடுகிற கூலிக்காரர்கள் நாங்கள் மட்டுமாகத்தான் இருப்போம்.

நாங்கள் வளர்ப்பது ஸ்டர்ஜன் மீன். செதில் கிடையாது. முதுகில் முதலைக்கு இருப்பதுபோல எலும்புக் கட்டிகள் வரிசையாக நிற்கும். வாய் அடிப்பக்கம், அதற்கு முன்னால் நாலு மீசை. பார்க்க லட்சணம் என்று சொல்ல முடியாது. ஆனால் இதன் சினைக்குத்தான் கேவியர் என்று பெயர். துபாய் ஹோட்டல்களில் இதைக் கரண்டி நுனியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கும் ஒரு துளி கொடுத்தார்கள். நானும் மரியாதைக்குக் கண்ணை மூடினேன். கருவாட்டுப் பானையைக் கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. இதை மிளகு சீரகம் போட்டு வறுத்திருந்தால் கொஞ்சமாவது வாய்க்கு இறங்கியிருக்கும் என்று சொன்னேன். அன்றிலிருந்து ருசி பார்க்க என்னை யாரும் கூப்பிடுவதில்லை. நல்லதாகப் போயிற்று.

என் வேலை ஸ்டிக்கர் ஒட்டுவது. நாங்கள் தங்கியிருக்கும் கேம்பில் என்னை ஸ்டிக்கர் என்றேதான் கூப்பிடுவார்கள். கேலியாகத் தோன்றலாம், ஆனால் அந்த ஸ்டிக்கர் இல்லாவிட்டால் எங்கள் கேவியர் வெறும் திருட்டுச் சரக்கு. காஸ்பியன் கடலில் இந்த மீனைச் சினையோடு பிடித்துப் பிடித்தே ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். ஒரு பெண் மீன் முதல் சினை பிடிக்கவே ஆறேழு வருஷம் ஆகும், பெரிய இனம் என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். முட்டை போடுவதற்கு முன்பே வயிற்றைக் கிழித்தால் குஞ்சு எங்கேயிருந்து வரும்? அதனால் இப்போது கடலில் பிடித்ததை நாடு விட்டு நாடு கொண்டுபோய் விற்க வழியில்லை. பண்ணையில் வளர்ந்தது என்றால் விற்கலாம், ஆனால் ஒவ்வொரு டப்பாவிலும் ஸ்டிக்கர் இருக்க வேண்டும். என்ன இனம், எந்த நாடு, எந்த வருஷம், எந்தப் பண்ணை, கடலில் பிடித்ததா தொட்டியில் வளர்ந்ததா, எல்லாம் அதில் குறியீடாக இருக்கும். மூடியையும் டப்பாவையும் சேர்த்து ஒட்டுவேன். திறந்தால் கிழிந்துவிடும், மறுபடி உதவாது. கோயிலுக்கு வெளியே செருப்புக்கு டோக்கன் கொடுக்கிற ஆள் மாதிரிதான் நான். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியாவிட்டாலும் டோக்கன் என் கையில்.

இது நடந்தது எங்கள் பண்ணையின் முதல் பெரிய அறுவடையின்போது, சினைக்காக மீன்களை மொத்தமாக அறுக்கும் சமயத்தில். மீன்களைப் பெட்டை, ஆண் என்று பிரிக்க மேடம் ஒரு ஸ்கேன் மெஷின் வைத்திருந்தார். மேடம்தான் எங்கள் பண்ணைக்கு எல்லாம். இரானியப் பெண்மணி, காஸ்பியன் கரையில் பிறந்து வளர்ந்தவர். வளைகுடாவில் பல வருஷம் இருந்ததால் இந்தி சரளமாக வரும். ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் வயிற்றில் வைத்துப் பார்ப்பார்களே, அதே ஸ்கேன். ஈரத் துணியில் மீனைக் கிடத்தி, கருவியை வயிற்றில் வைத்து, திரையைப் பார்த்து, "இருக்கு" என்பார். சினை முற்றிய மீன்களையெல்லாம் தனித் தொட்டிக்கு மாற்றினார்கள்.

என் ரூம்காரர் ஒருவர் இருந்தார். சிவகங்கைப் பக்கத்துக் கிராமம். எனக்கு மூத்தவர் என்பதால் அண்ணன். தொட்டி கழுவுவதும் தீனி போடுவதும் அவர் டூட்டி. ஸ்கேன் நடந்த நாளுக்கு வளைகாப்பு என்று பெயர் வைத்தவர் அவர்தான். பெயர் வைத்ததோடு விடவில்லை. மெஸ் சமையல்காரரை நச்சரித்து அன்று மத்தியானம் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தயிர்ச்சோறு மூன்றும் செய்ய வைத்தார். நேபாளிகளும் வங்காளிகளும் எதற்கு என்று கேட்காமல் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்தத் தொட்டிக்கு வளைகாப்புத் தொட்டி என்ற பெயரே நிலைத்துவிட்டது. மேடம்கூட அதை அவருக்கு வந்த உச்சரிப்பில் சொல்ல ஆரம்பித்தார்.

அண்ணன் விளையாட்டுக்காக மட்டும் இதையெல்லாம் செய்யவில்லை. ஊரில் அண்ணி மாசமாக இருந்தார். கல்யாணமாகி வெகு காலம் கழித்துத் தங்கிய கரு. இதற்கு முன்னால் ஒன்று கலைந்துபோனது. அப்போது இவர் இங்கே ஒரு தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்த்துக்கொண்டிருந்தாராம். போனை வெளியே வைத்திருந்ததால் சேதி தெரியவே சாயங்காலம் ஆகியிருக்கிறது. இந்தத் தடவை வளைகாப்பையும் வீடியோ காலில்தான் பார்த்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். அண்ணி வளையல் கையை ஆட்டிக் காட்டினார், இவர் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம், "பொறக்கும்போது நான் அங்க நிக்கணும்டா. அது ஒண்ணுதான்" என்றார்.

லீவும் கிடைத்திருந்தது, ஆனால் அறுப்பு முடிந்த பிறகுதான். ஆள் குறைவு என்பதால் அறுப்பு முடியும்வரை யாருக்கும் லீவு இல்லை என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அறுப்பு முடிந்து ஒரு வாரத்தில் டிக்கெட். டாக்டர் சொன்ன தேதிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடலாம். அண்ணன் அறுப்பு நாளை எதிர்பார்த்ததுபோல, சாப்பிடப் போகிற பணக்காரர்கள்கூட எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

அறுப்புக்கு முன்னால் சில வாரம் அந்த மீன்களுக்குத் தீனி போடக் கூடாது. சுத்தமான, இன்னும் குளிர்ந்த தண்ணீரில் பட்டினியாக விட வேண்டும். அப்போதுதான் உடம்பிலிருக்கும் சேற்று வாடை இறங்கும், சினையும் சுத்தமாக ருசிக்கும். இந்தக் காரணம் மேடத்துக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அண்ணனுக்கு யாரும் சொல்லவில்லை. ஃபோர்மேன் வந்து, "இந்த டேங்குக்கு கானா பந்த்" என்று தீனியை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். உத்தரவு போடுகிறவர்கள் காரணத்தைச் சொன்னால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்? எனக்கு இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும்.

அறுப்புக்கு நாலைந்து நாள் இருக்கும்போது மேடம் மாதிரிக்கு ஒரு மீனை எடுத்து அறுத்துப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் ஸ்டீல் மேஜையைச் சுற்றி நின்றோம். சினை அருமையாக இருந்தது, கருஞ்சாம்பல் நிறத்தில் பளபளவென்று. அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குடலைக் கீறினார். உள்ளே தீனி உருண்டைகள். பாதி கரைந்தவை, கரையாதவை, அன்றைக்குக் காலையில் தின்றவை. மேடம் கத்தியைக் கீழே வைத்தார்.

"யார்?" என்று இந்தியில் கேட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போடாவிட்டால்தான் பயம்.

"நாந்தாம்மா" என்று அண்ணன் முன்னால் வந்தார்.

அவருக்கு இந்தி அரைகுறை. கோபத்திலோ பயத்திலோ அந்த அரையும் ஓடிவிடும். மேடம் என்னைப் பார்த்தார்.

"எதுக்குன்னு கேக்குறாங்கண்ணே."

"இதுல கேக்க என்னடா இருக்கு? வயித்துப்புள்ளக்காரியப் பட்டினி போடுவாங்களா? எந்த ஊரு நியாயம் இது? தீனிய மிச்சம் புடிக்கத்தான் இப்பிடிப் பண்றாங்கன்னு நெனச்சேன். டிபன் டப்பால கொண்டாந்து தெனமும் கொஞ்சம் போட்டேன்."

"அதுகள அறுக்கத்தானண்ணே போறோம்?"

"தெரியும்டா. தூக்குல தொங்கப்போறவனுக்கே கடைசியா என்ன வேணும்னு கேட்டுக் குடுக்குறாங்க. இதுகளுக்கு வாய் இல்லங்குறதுக்காக விட்ருவமா?"

இதை நான் எப்படி இந்தியில் சொல்வது? மெருகு போட்டுச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு அப்படியே சொன்னேன். மேடம் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற நேபாளிப் பையன்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். மேடம் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "அறுப்பு இல்லை. மறுபடியும் முதலிலிருந்து பட்டினி" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

அண்ணனுக்கு நான்தான் விளக்கினேன். தீனி ஏன் போடக் கூடாது, போட்டால் ருசி எப்படிக் கெடும், அறுப்பு எத்தனை வாரம் தள்ளிப்போகிறது என்று. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "அப்ப என் லீவு?" என்றார். அவரே விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். அறுப்பு முடிவதற்குள் அண்ணிக்குப் பிரசவமாகிவிடும். தன் கையால் போட்ட தீனியால் தன் லீவையே அவர் தின்னக் கொடுத்துவிட்டார். அப்போதும் அவர் மீன்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. நான்தான் திட்டினேன். மீன்களையும், ஃபோர்மேனையும், கேவியர் தின்கிற அத்தனை பேரையும்.

இரண்டு நாளில் ஒரு புரோக்கர் வந்தான். அறுப்பு தள்ளிப்போன சேதி அவனுக்கு எப்படிப் போனதோ தெரியாது. துபாயில் ஒரு பெரிய ஹோட்டலுக்குத் தேதி சொல்லி ஆர்டர் எடுத்திருந்தோம், அங்கே யாராவது வாயை விட்டிருப்பார்கள். கையில் ஐஸ் பெட்டி. ஆபீஸ் மேஜையில் வைத்துத் திறந்தான். உள்ளே வரிசையாக டப்பாக்கள். ஒன்றிலும் ஸ்டிக்கர் இல்லை. நானும் அண்ணனும் அப்போது அங்கே இருந்தோம், லீவு விஷயமாகக் கெஞ்சிப் பார்க்கலாம் என்று போயிருந்தோம்.

"மேடம், ஆர்டரும் உங்களுது, ஸ்டிக்கரும் உங்களுது. சரக்கு மட்டும் என்னுது" என்று இந்தியில் குழைந்தான். "கடல் தாண்டி வந்திருக்கு. உங்க மீன் டப்பான்னு ஒட்டிட்டா யாருக்குத் தெரியப்போகுது? ஹோட்டல்காரனுக்கும் சந்தோஷம், உங்களுக்கும் சந்தோஷம்."

ஸ்டிக்கர் ரோல் என் மேஜை டிராயரில் இருந்தது. சாவி என் பாக்கெட்டில். அவன் சொன்னது எனக்குப் புரிந்த மாத்திரத்தில் ஒன்றுதான் தோன்றியது. ஆர்டர் முடிந்துவிட்டால் அவசரம் தீர்ந்துவிடும், அவசரம் தீர்ந்தால் லீவு திறந்துவிடும், அண்ணன் பிரசவத்துக்குப் போய்விடுவார். மேடம் சரி என்று சொல்லிவிட வேண்டும் என்று மனசுக்குள் குலதெய்வத்தைக் கூப்பிட்டேன். காஸ்பியன் கடல் எக்கேடு கெட்டால் எனக்கென்ன? நான் அதைப் பார்த்தது கூட இல்லை. அண்ணியின் வளையல் கையைத்தான் பார்த்திருக்கிறேன்.

மேடம் ஒரு டப்பாவைத் திறந்தார். எங்கள் மீனின் சினையைவிட மணி பெரிதாக இருந்தது, வெளிர் சாம்பல் நிறம். முகத்துக்கு அருகே கொண்டுபோனார். மோந்து பார்க்கிறார் என்று நினைத்தேன். ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இது எங்க கடல் மீன்" என்றார். "பெலுகா. என் சின்ன வயசில் இது ஒன்றைக் கரைக்கு இழுத்தால் தெருவே கூடும். இப்போது கூடுவதற்குத் தெரு இருக்கிறது, மீன் இல்லை." டப்பாவை மூடி அவன் பெட்டியிலேயே வைத்தார். "கலாஸ், பேச்சு முடிந்தது. எடுத்துக்கொண்டு போ. நான் அமைச்சகத்துக்குப் போன் பண்ணத்தான் போகிறேன்."

மிரட்டுகிறார் என்று அவன் நினைத்தான். அவர் நிஜமாகவே ரிசீவரை எடுத்து நம்பரை அழுத்தியதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பெட்டியின் மூடி மேஜையிலேயே கிடந்தது. பிறகு அதிகாரிகள் வந்து மூடியையும் கேமராவில் பதிந்ததையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. ஹோட்டலுக்கு மேடமே அப்போதே பேசி, சரக்கு தாமதமாகும், அவசரமென்றால் வேறு பண்ணையில் ஸ்டிக்கர் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

நியாயம்தான். நியாயம் என்று இப்போது எழுத முடிகிறது, அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேடம் போனை வைத்ததும், "அப்படியென்றால் இவர் லீவு என்ன ஆவது?" என்று நான் கேட்டேன். கேட்ட விதத்தில் மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

மேடம் அண்ணனைப் பார்த்தார். "இவனைக் கேள். இங்கேயே இருந்தால் அந்தத் தொட்டிக்கு மறுபடியும் தீனி போடுவானா?"

"அண்ணே, மாட்டேன்னு சொல்லிருங்க" என்று நான் தமிழில் சேர்த்துக்கொண்டேன்.

அண்ணன் தலையைச் சொறிந்தார். "இப்ப மாட்டேன்னு சொல்லிருவேன்டா. அங்க போய் நின்னதும் அதுக எல்லாம் மேல வந்து வாயத் தொறக்குமே. அப்ப என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது."

இதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியம் வரவில்லை. அவர் முகத்திலேயே எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

"எங்க கரையில் ஒருத்தன்கூட மீனைப் பற்றி இப்படி நினைத்ததில்லை" என்றார் மேடம். பிறகு, "இவன் இங்கே இருக்கக் கூடாது" என்றார்.

வேலை போயிற்று, விசா கேன்சல், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அண்ணனுக்கு அந்த இந்தி மட்டும் நன்றாகப் புரிந்துவிட்டது.

"நாளைக்கே இவனை லீவில் ஊருக்கு அனுப்பச் சொல். இந்தத் தொட்டிக்கு இவன்தான் ஆபத்து. அறுப்பு முடிந்து தொட்டி காலியான பிறகு திரும்பி வரட்டும். அறுக்க ஒரு ஆள் குறைந்தால் நானே நிற்கிறேன்." சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது.

அண்ணன் ஷார்ஜாவின் ரோலா கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கக்கூட நேரமில்லை. கேம்பில் எல்லோரும் தங்கள் தங்கள் பெட்டியிலிருந்து சோப்பு, பேரீச்சம்பழம், பால் பவுடர் என்று எடுத்து நீட்டினார்கள். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்துக்கடா" என்றார். எதை என்று சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

தொட்டிக்கு வலை மூடி போட்டுப் பூட்டினார்கள். அந்தச் சாவியும் என்னிடம்தான் வந்தது. தண்ணீர் அளவு பார்க்கத் தினமும் போவேன். மூடியைத் திறந்ததும் எல்லாம் மேலே வரும். அவர் சொன்னது சரிதான், வாயைத் திறக்கத்தான் செய்கின்றன. நான் வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்புவேன். இவற்றைத் தொட்டியில் அறுப்பதால்தானே கடலில் மிச்சமிருப்பது பிழைக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அது உண்மைதான். உண்மையாக இருந்தாலும் அந்தச் சமயத்தில் அவற்றின் முகத்தைப் பார்க்க முடியாது.

அறுப்புக்கு முந்தின நாள் மத்தியானம், மூடியைத் திறந்துவிட்டு நான் தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தபோது போன் வந்தது. எடுத்ததும் ஒரு குழந்தையின் அழுகை. காது கிழிகிற மாதிரி நல்ல தொண்டை.

"கேட்டியாடா? பொம்பளப் புள்ள! ரெண்டு பேரும் சொகம். நான் வாசல்லயே நின்னேன்டா. நர்ஸம்மா மொதல்ல எங்கையிலதான் குடுத்துச்சு."

சந்தோஷத்தில் என்னென்னவோ உளறினேன். அங்கே அண்ணியின் சிரிப்பும் கேட்டது. கொஞ்ச நேரம் குழந்தை யார் சாயல் என்று பேசினோம். வைக்கப் போகிற நேரத்தில் அவர் குரல் தணிந்தது.

"அதுகளுக்கு... கொஞ்சமாச்சும் தீனி போடுறியாடா?"

தண்ணீரைப் பார்த்தேன். எல்லாம் என் கைக்கு நேராக வந்து நின்றிருந்தன.

"போட்டேண்ணே" என்றேன். "இப்பத்தான் போட்டேன். வயிறு நெறையச் சாப்பிடுதுக."

"நல்லாயிருடா தம்பி" என்றார் அவர். அழுகிற குழந்தையை யாரோ பசியமர்த்தியிருக்க வேண்டும், அந்தப் பக்கம் சத்தம் அடங்கிவிட்டது.